கால் மடக்கி உட்கார்ந்த சிப்பாய்

பொன்னுரங்கம் வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் பொய் சொல்லிவிட்டு அவன் அழுததை யாரும் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது அழுதான். அதனால் இது நடந்தது என்றே நம்புகிறேன்.

1951, பங்குனி வெயில். டோல்கேட் தாண்டித் திருவொற்றியூர் போகும் ரோட்டோரத்தில் அவனுடைய டீக்கடை. கடையை ஒட்டி ஒரு சமாதிக் கல். யுத்த பயத்தில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில், கடல் ஒதுக்கிய பெயர் தெரியாத சிப்பாயைப் புதைத்து, படகு மராமத்து ரஷீது நட்ட கல் அது. செத்தவன் என்ன மதமோ தெரியாததால் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. தினமும் போடும் முதல் டீயைப் பொன்னுரங்கம் அந்தக் கல்லடியில்தான் ஊற்றுவான்.

ரஷீது நாகூர் கந்தூரிக்குப் போயிருந்த சமயம், கடைக்கு இன்னொரு பெஞ்சு போட இடம் தேவைப்பட்டது. ஆசை வெட்கம் அறியாது. கல்லைப் பிடுங்கி நாலு முழம் தள்ளி நட்டுவிட்டு, சமாதி மேலேயே பெஞ்சைப் போட்டான். கேட்டவர்களிடம், ரோடு போடுகிறவர்கள் மாற்றச் சொன்னார்கள் என்று அளந்துவிட்டான்.

மறுநாள் புதிய இடத்தில் ஊற்றிய டீயை மண் குடிக்கவில்லை. உச்சிப் பொழுது வரைக்கும் குட்டையாக நின்றது. ஓர் ஈகூட மொய்க்கவில்லை...

பன்னிரண்டு மணி. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது. ரோட்டில் லாரி இல்லை. காக்கைச் சத்தம்கூட இல்லை.

சொட்... சொட்...

திரும்பினான். பெஞ்சில் காக்கி உடுப்புக்காரன் ஒருவன். சட்டையிலிருந்து தண்ணீர் வடிகிறது. பெஞ்சு நனையவில்லை. இரண்டு கால்களையும் மேலே மடக்கி வைத்திருந்தான்.

"காலைக் கீழ போடு நைனா. நாலு பேரு குந்தற எடம்."

அவன் பெஞ்சுக்கு அடியில் விரலைக் காட்டினான். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தான்.

"தூங்கறதுக்கு இது இன்னா சத்திரமா?"

பொன்னுரங்கம் அவன் கணுக்கால்களைப் பிடித்து இழுத்துத் தரையில் வைத்தான். ஜில்லென்றிருந்தது...

பாதம் மண்ணில் பட்டதும் அவன் முகம் சுருங்கியது. கோபமில்லை. கூச்சம். குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அடியிலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பெஞ்சு காலி.

அன்றைக்கே பெஞ்சை எடுத்துவிட்டு, கல்லைப் பழைய இடத்தில் நட்டான். ரஷீது ஊர் திரும்பியதும், காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான்.

"செத்தவன் எழுந்து வந்து என்னாண்ட குந்திக்கினு இருந்தான் மாமு. அப்ப கீழ மூச்சு வுட்டது யாரு?"

ரஷீதின் கண் கல்லின் மேலேயே இருந்தது.

"ரெண்டு பேருடா. கட்டிப் புடிச்சிக்கினு கரை ஒதுங்கினாங்க. பிரிக்க மனசு வரல. ஒரே குழி. கல்லு ஒண்ணுதான் கெடச்சுது. இத நான் யாராண்டயும் சொன்னதில்ல."

பொன்னுரங்கத்துக்கு மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"அவன் காலை அடியில தூங்கறவன் மேல வெச்சது நான்தான் மாமு... என் கையால வெச்சேன்."

ரஷீது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.