பையிலிருந்த நான்கு மிட்டாய்

தையல் இயந்திரத்தின் மேல் ஒரு பெண் தலை சாய்த்துக் கிடக்கிறாள். அவள் தூங்குகிறாள் என்று முடிவு கட்ட உங்களுக்கு எத்தனை நொடி பிடிக்கும்? ஒரு மேற்பார்வையாளருக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. ஆனால் அவரைத் திட்டிவிட்டு மட்டும் போய்விட முடியாது. அவள் மேல் உயிரையே வைத்திருந்த கணவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இருவருக்கும் ஒரே சட்டைத் தொழிற்சாலை. மாடியில் அவள் காலர் தைப்பாள்; ‘காலர் அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் அவர் இஸ்திரி போடுவார். காலரின் முனையைத் தடவிப் பார்த்தே, “இது என் வீட்டுக்காரி கை” என்று சொல்லிவிடுவார். பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த வாரமே அவரும் தன் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு.

“வியாதி அண்ணிக்கா, உங்களுக்கா?”

“ஒரே வீட்டுல ஒரு வாய் இனிப்பு, ஒரு வாய் கசப்பா? போய்யா.”

காலையில் அவளை நடக்கக் கூட்டிப்போனார். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னாள்: “கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கையப் பிடிச்சுக்கிட்டு நடந்ததில்ல. இந்த வியாதி முன்னாடியே வந்திருக்கலாம்.”

“வாய மூடிக்கிட்டு நட.”

மருத்துவமனைக்கு மட்டும் அவர் அவளோடு போகவில்லை. கணவன் மனைவிக்கு ஒரே நாளில் விடுப்பு கிடையாது. சேர்ந்து விடுப்பு எடுத்தால் ஊர்சுற்றத்தான் என்று எவனோ ஒருவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து விதி எழுதிவைத்திருந்தான். அவள் தனியாகப் போய் மாத்திரையோடு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, அவள் பையின் பக்க அறையில் நான்கு மிட்டாய்களைப் பார்த்தார்.

“என்ன இது?”

“நர்ஸம்மா வெச்சுக்கச் சொன்னாங்க. கைகால் நடுங்குனா வாயில போட்டுக்கணுமாம்.”

“சர்க்கரை வியாதிக்காரிக்கு மிட்டாயா? பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லக் கூடாதா?”

“நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?”

அவர் நான்கையும் குப்பையில் போட்டார். தாயத்து விற்க வந்தவனிடம் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டு விரட்டிய மனிதர் அவர். அதே ஆதாரத்தை மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்கவில்லை. மனைவியின் சொல் ஆதாரமாகாது என்று எந்த அறிவியல் சொன்னது?

மிட்டாயை எறிந்த பத்தாம் நாள் அவசர ஆர்டர். மதியம் ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. கறை படும் என்று துணி மேசையில் தண்ணீர்கூட வைக்கக் கூடாது. காலையில் போட்ட மாத்திரையோ அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காலர் அக்காவுக்குக் கை நடுங்குவதைப் பொத்தான் தைக்கிறவள் பார்த்திருக்கிறாள். அக்கா பையின் பக்க அறைக்குள் கையை விட்டுத் துழாவினாளாம். வெறுங்கையை எடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு தலை சாய்ந்தது.

“மகாராணி தூங்குறாங்க, எழுப்பாதீங்க. சம்பளத்துல பிடிச்சா தன்னால முழிப்பாங்க” என்றார் மேற்பார்வையாளர்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் தூக்கினார்கள். ஓய்வறையில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் இருந்தன, செவிலியர் இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்துப் படுக்கப் போட்டார்கள். கீழே சொன்னால் இஸ்திரி வேலை நின்றுவிடுமாம். அவள் தைத்த காலர்களை அவர் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு வேலை முடிந்த பிறகே சொன்னார்கள்.

மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: “மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்ததால, ரொம்ப நேரம் சர்க்கரை இறங்கியே இருந்திருக்கு. மூளை அடி வாங்கிடுச்சு. நடுக்கம் வந்தப்பவே ஒரு மிட்டாய் போட்டிருந்தாச் சரியாகியிருக்கும்.”

“என்ன மிட்டாய் டாக்டர்?”

“ஏதாவது மிட்டாய்ங்க.”

அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள். நடக்கிறாள், ஊட்டினால் சாப்பிடுகிறாள். அவரை மட்டும் அடையாளம் தெரியவில்லை.

“ஐயா, நல்லாப் பாத்துக்கறீங்க. உங்க வீட்டம்மா எங்க?”

“வேலைக்குப் போயிருக்காம்மா. வந்துருவா.”

“வந்ததும் சொல்லுங்க, நான் கோவிச்சுக்கலன்னு” என்றாள் ஒருநாள். எதை நினைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

நாளைக்கு உங்கள் வேலையிடத்துக்குப் போனதும், மாத்திரை போடுகிறவர்கள் யார் யார், அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள். முடியாது என்றால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியின் அறைக்குள் போங்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வெளியே வராதீர்கள்.