சேர்த்து, தேடி, அழிப்பவர்

முதலில் மகளைச் சேர்ப்பார். பிறகு தேடுவார். கிடைத்துவிட்டால், "ம், இருக்கா" என்று தலையாட்டிவிட்டு அழித்துவிடுவார். எந்த சர்வரை நிறுவினாலும் அவருடைய முதல் சோதனை இதுதான். பெயருக்கு மகள் பெயர், துறைக்கு 'சோதனை', போனுக்கு வரிசையாகப் பூஜ்யம்.

எங்கள் மருத்துவமனையில் அவருக்கு 'விலாசம்' என்று பட்டப்பெயர். யார் எந்த மாடி, யாருக்கு என்ன எண், யார் எந்தக் கணினியைத் திறக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்கிற டைரக்டரி சர்வர் அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள். சர்வர் அறைக் குளிரில் எனக்குப் பல் கிட்டிக்கொள்ளும். அவரோ அரைக்கைச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டு ஊதிக்கொள்வார். வேலைக்கு உட்காரும் முன் செல்போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். "அது வெளிய இருந்தா எனக்கு வேலை ஓடாதுங்க" என்பார். அப்புறம் குடியே முழுகினாலும் எடுக்க மாட்டார்.

நான் பக்கத்து அறை, ஊழியர் பிரிவு. எங்கள் டேட்டாபேஸில் ராஜினாமா செய்துவிட்டுப் போனவர்கள் அவருடைய டைரக்டரியில் மட்டும் ஜம்மென்று வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. ஒருநாள் அவரே இறங்கிவந்தார்.

"டைரக்டரிங்கறவன் வாசல்ல நிக்கற ஆளு. கேட்டா டக்குனு சொல்லணும், அவ்வளவுதான். இனிமே அவனுக்குன்னு தனி ஞாபகம் கிடையாது. உங்க டேட்டாபேஸைக் கேட்டுக் கேட்டுத்தான் சொல்லுவான். ரெண்டு பேரையும் பேச வைக்கறேன், பாருங்க."

நச்சுப்பிடித்த வேலை. எங்கள் அட்டவணையில் இருக்கும் எந்த விவரம் டைரக்டரியில் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு கறார் விதியும் போட்டார். போன் எண் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. பூஜ்யம் போட்டு ஏமாற்றினாலும் ஏறாது. அழைப்புக்குப் பயந்து பூஜ்யம் போட்டுவைத்த டாக்டர்கள் சிலர் உண்டு, அவர்களுக்காகத்தான். "நம்பர் இல்லாத ஆளை டைரக்டரியில வச்சு நான் என்ன, பூஜையா பண்றது?"

அந்த மகளைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அன்று வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்தார். மதியம் பழைய சர்வர் படுத்துவிட்டது. மகள் விமான நிலையத்திலிருந்து அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறாள், போன் இழுப்பறைக்குள். கடைசியில் இவரே அழைத்தார். எதற்கு? "ஏம்மா, நீ கூப்பிட்டிருந்தே போல. அது இருக்கட்டும், பேக்கப் டிஸ்க்கை வீட்ல எங்க வச்சேன்னு பார்த்தியா?"

"அலமாரி மேல் தட்டு. இடது பக்கம்" என்றாளாம். போனை வைத்துவிட்டாளாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே எதற்கும் வராத அப்பாவை அன்றோடு விட்டுவிட்டாள். போன இடத்தில் எண்ணை மாற்றினாள். அப்பாவுக்குத் தர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "டிஸ்க் என்னவோ அங்கதாங்க இருந்துச்சு" என்று சிரித்தார் மனுஷர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் தணிந்துவிட்டது.

நேற்று புது சர்வர் தயார். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு வழக்கம்போல் மகளைச் சேர்த்தார். பூஜ்யத்தைத் தட்டினார். ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். தான் போட்ட விதி அப்போதுதான் உறைத்தது.

"என் நம்பரைப் போடுங்க சார். சோதனைதானே?" என்றேன்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஊரில் உள்ளவன் எண்ணையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிற மனிதர், அந்த ஒரு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைத் தொலைபேசியில் வீட்டை அழைத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அவ நம்பர் வேணும்."

"சர்வருக்கா, உங்களுக்கா?" என்றார் மனைவி.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குத்தான். நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லு. அன்னிக்கு நான் வந்திருக்கணும், அதையும் சொல்லு."

"கேட்டுப் பார்க்கறேன்."

காத்திருந்தோம். டீ ஆறி ஆடை கட்டியது. தொலைபேசி அடித்ததும் பாய்ந்து எடுத்தார்.

"யோசிக்கணுமாம்" என்றார் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "வேணாம்னு சொல்லலைங்க" என்றார்.

"சரி. சரி" என்று வைத்தார். பிறகு, டாக்டர்களிடம் அவ்வளவு மல்லுக்கட்டிப் போட்ட விதியைத் தளர்த்தினார். போன் எண் காலியாகவும் இருக்கலாம். மகளைச் சேர்த்தார். தேடினார். பெயர் வந்தது, போன் இருக்கும் இடம் வெறுமையாக.

"ம், இருக்கா."

அழிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து செல்போனை எடுத்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்து, ஒலியைக் கூட்டி, கீபோர்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.