நின்ற இடத்தில் நகர்ந்த புள்ளி

எதையும் வாங்குவதற்கு முன் அலசி ஆராய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மிக்சி வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால், ராயபுரத்தில் நான் வேலை பார்த்த டிரெய்லர் கம்பெனியின் முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, “லேப்டாப்போட ஒயர் இல்லாம வேலை செய்யற ஜி.பி.எஸ். ஒண்ணு வேணும், நீயே பாத்து எடு” என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கன்டெய்னர் ஏற்றிய எங்கள் வண்டிகள் எண்ணூர்ப் பக்கத்து யார்டிலிருந்து துறைமுக வாசலுக்கு வர ஒரு முழு நாள் பிடிக்கும். தூரம் ஒன்றும் அதிகமில்லை, வழி நெடுக வரிசை. கன்டெய்னர் பெட்டி கப்பலைத் தவறவிட்டால் சரக்கு அனுப்பும் பார்ட்டி முதலாளியைத் திட்டும், முதலாளி டிரைவரைத் திட்டுவார். நேரமெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வண்டியின் முன்கண்ணாடி ஓரம் ரிசீவரை வைத்துவிட்டால் அது இருக்கும் இடத்தை ப்ளூடூத் வழியாக லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டே வரும், வண்டி போன தடம் மேப்பில் கோடாக விழும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்போடு கூடவே போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் நான்தான்.

ரிச்சி தெருவில் கடைக்காரரிடம் மன்றாடி இரண்டு ரிசீவர்களை வீட்டுக்கு எடுத்து வந்தேன், பிடிக்காததைத் திருப்பித் தந்துவிடலாம் என்ற பேச்சில். இரண்டும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முதல் நாள் கூடத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டுமே ஊமையாக இருந்தன. தலைக்கு மேல் வானம் தெரிந்தால்தான் அவற்றுக்கு வேலை ஓடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மறுநாள் திருவொற்றியூர் வெயிலில், மொட்டை மாடியில், கையில் ரிசீவரோடு தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடையே மெல்ல நடந்தேன். எதிர்வீட்டு அம்மாள், “இன்னாத்த தேடிகினு கீறீங்க?” என்று கேட்டார்.

விலை அதிகமான ரிசீவரின் புள்ளி லேப்டாப் மேப்பில் அசையவே இல்லை. வேகமாக நடந்தால்தான் கூட வந்தது. அதோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். வண்டி நின்றிருக்கும்போது புள்ளியை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் வசதியாம். இதற்குப் பெயர் வசதியா? ஊர்ந்து போகிற வரிசைக்கு இந்தத் தூங்குமூஞ்சி எதற்கு? மற்றொன்று அப்படியில்லை. கைப்பிடிச் சுவரில் சும்மா வைத்தாலும் அதன் புள்ளி துறுதுறுவென்று இருந்தது. ‘இதுதான் உயிரோடு இருக்கிறது’ என்று முடிவு செய்து அதையே எடுத்தேன்.

முதல் பயணத்துக்கு வந்த டிரைவர் வியாசர்பாடிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கம்பெனியில் எனக்கு முன்பிருந்தே இருப்பவர். ரிசீவரை அவரே ரப்பர் பேண்டு போட்டு முன்னால் கட்டினார். “மேல கீற சேட்டிலைட்டு நம்ம வண்டியத்தான் பாத்துகினு கீதா சார்? அதுக்கு வேற வேல இல்ல?” என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

மதியம் திருவொற்றியூரில் வரிசை அடியோடு நின்றது. இரண்டு பக்கமும் பெட்டி வண்டிகள், நடுவில் நாங்கள். என் வீடு அங்கிருந்து நாலு தெரு. நான் நெளிவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “போயி குளிச்சிட்டு துன்னுட்டு வா சார். லைனு எங்க ஓடிடப் போவுது?” போனேன். லேப்டாப் வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குளித்தேன், சாப்பிட்டேன், கொஞ்சம் கண் அயர்ந்தும் விட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வண்டி விட்ட இடத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. இதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மேப்பைத் திறந்து காட்டினேன். காலைக் கோடு சாலையோடு ஒழுங்காக வந்தது. மதியத்தில் அது சாலையை விட்டு இறங்கி, போய்வந்து போய்வந்து, ஓரிடத்தில் சிடுக்கு விழுந்த நூலாக மொய்த்துக் கிடந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்த இடம் அவருக்குத் தெரியும். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் திருட்டு டீசல் வாங்குவார்கள் என்பது அந்த ரோட்டில் எல்லோருக்குமே தெரியும்.

டிரைவரைக் கூப்பிட்டு விட்டார். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வண்டி லைன வுட்டு எங்கயும் போவல மொதலாளி. சாரு கூடத்தான இருந்தாரு, கேட்டுப் பாருங்க.”

என்னைக் காட்டிக்கொடுக்காமல் சாட்சிக்கும் என்னையே இழுத்துவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னதே இதற்குத்தானோ என்று வேறு மனசில் ஓடியது. நானே தேர்ந்தெடுத்த கருவி பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. “கொஞ்ச நேரம் தூங்கிட்டேன் சார்” என்றேன். முதலாளி அவரிடம் வண்டிச் சாவியை வாங்கி மேஜையில் வைத்தார். “நாளைலேர்ந்து வர வேணாம்.” டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

ஒருவேளை கருவிதான் தப்போ என்று ராத்திரி தோன்றியது. மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போய் ரிசீவரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் புள்ளி பக்கத்து வீட்டுக்குப் போய், தெருவைக் கடந்து, திரும்பி வந்தது. ரிசீவர் வைத்த இடத்திலேயே இருந்தது. இதே ஆட்டத்தை இதே சுவரில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். பார்த்து மெச்சியும் இருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அலுவலகம் போய் முதலாளியை வெளியே அழைத்தேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்த டிரெய்லரில் ரிசீவரை அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அந்த டிரெய்லர், மேப்பில், காம்பவுண்டு சுவரைத் தாண்டி எதிர் டீக்கடைக்குள் நின்றது. இரும்புப் பெட்டிகளில் சிக்னல் முட்டித் திரும்புவதால் இன்னும் அதிகமாக அலைகிறது என்று விளக்கினேன். அவர் நிஜ வண்டியையும் டீக்கடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, இத ஏன் நேத்தே சொல்லல? நீதான் கூட இருந்தியே?”

“இல்ல சார். அந்த மூணு மணி நேரம் நான் வீட்ல இருந்தேன்.”

அவர் லேப்டாப்பை மூடினார். “ஆக, அன்னிக்கு லைனை விட்டுப் போனது நீ” என்றார். பிறகு ஆளனுப்பி டிரைவரை வரவழைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, டீ வாங்கித் தந்தார். எனக்குத் தரவில்லை.

அந்த வாரமே அதே டிரைவரோடு என்னை மறுபடியும் வண்டியில் அனுப்பினார். நான் வீட்டுக்குப் போனதை ஒப்புக்கொண்டது டிரைவர் காதுக்கும் எட்டியிருந்தது. வழக்கம்போலவே பேசினார், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னார். திருவொற்றியூரில் வரிசை நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மிசினு ராங்குன்னு அடுத்த நாள்தான உனக்குத் தெரிஞ்சிது? அதுக்கு முந்தி இன்னா சார் நெனச்ச? நான் போயிருப்பேன்னா?”

“சேச்சே, என்னண்ணே நீங்க” என்றேன். முதலாளியிடம் சொல்ல முடிந்த உண்மையை இவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

“அதான பாத்தேன். அன்னிக்கு வூட்டாண்டயும் இதத்தான் சொன்னேன், சாரு அப்டி நெனைக்கற ஆளு இல்லன்னு” என்றார். முன்னால் ஒரு வண்டி இடம் காலியானது. அவர் என்ஜினை உயிர்ப்பித்துக் கியரைப் போட்டார்.