உடையப்பன் எடுத்த ஒடுக்கு

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என் சாப்பாட்டுக் கடைக்கும் உடையப்பனின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கார்களில் விழும் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது அவன் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அவன் தட்டுகிறான், நான் ரொட்டி வீசுகிறேன். அவனைப் பற்றி யார் கேட்டாலும், நல்லவன் என்று சொல்வதற்கு முன் அவன் ஒரு தொல்லை என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அதுவும் உண்மைதான்.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறி தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அவனுக்குப் பதினாறு வயது. பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து பட்டறை வைத்திருந்த ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், வேலைக்குச் சேர்ந்தான். அடித்த இடம் தெரிந்தால் அதற்குப் பெயர் வேலையே இல்லை என்பது அந்தத் தவுக்கேயின் கொள்கை. உடையப்பன் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான். அவன் முடித்துக் கொடுத்த காரில் எங்கே அடி பட்டது என்று கார்க்காரனாலேயே காட்ட முடியாது. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்க வேண்டிய தலைக்கனம்தான்.

தொல்லை எங்கே என்றால், ஒடுக்கைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. என் கடைத் தண்ணீர்க் கெண்டி, கோயில் அன்னதானத்து அண்டா, கல்யாண வீட்டுச் சோற்றுப் பானை எல்லாவற்றையும் கேட்காமலே நிமிர்த்தியிருக்கிறான். ஒரு முறை என் கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டியில் இருந்த ஒடுக்கை, அதன் சொந்தக்காரர் மீகோரெங் சாப்பிட்டு முடிப்பதற்குள் எடுத்துவிட்டான். அந்த மனுஷன் தன் வண்டியை அந்த ஒடுக்கை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார் போலும். வண்டி திருடு போய்விட்டது என்று போலீசுக்கே போன் போட்டுவிட்டார். உடையப்பனின் மனைவி வீரம்மா சொல்வாள், தன் முகத்தில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்வது அழகுக்காக இல்லை, பயத்துக்காக என்று.

போன வருஷம் இந்தக் கை ஒரு வீட்டையே கலங்கடித்தது.

தீபனும் பிரமிளாவும் எங்கள் தெருவின் பின்பக்கம் குடிவந்த ஜோடி. நியூசிலாந்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். பிரமிளா தாதி. தீபன் மருந்தாளர். அங்கே நடந்த ஒரு விபத்தில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் கையாலேயே எல்லாம் இயக்கும்படி ஒரு காரை அங்கே மாற்றி அமைத்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும், பக்கவாட்டில் நகரும் இழுவைக் கதவைத் திறந்தால், உள்ளேயிருந்து ஓர் இரும்புக் கை வெளியே வரும். சக்கர நாற்காலியைத் தானே தூக்கி உள்ளே வைக்கும், தானே இறக்கியும் கொடுக்கும். அந்தக் கார் இருந்தால் தீபனுக்கு யாரும் தேவையில்லை.

கார் கண்டெய்னரில் கப்பலேறிவிட்டது. அது வந்து சேரும் வரை தீபன் எங்கே போவதென்றாலும் வாடகைக் கார்தான். மச்சான்மார் இரண்டு பேர் வந்து அவனைத் தூக்கி உட்கார வைப்பார்கள், இறக்கிவிடுவார்கள். என் கடை வாசலில் இறங்கும்போதெல்லாம் "நானா, மூட்டை வந்திருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நானா என்று தெருவே என்னைக் கூப்பிடுவதுதான்; எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்காது. பீடோரில் ஒரு மருந்துக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அறுபது கிலோமீட்டர் தூரம். கார் வந்தால் போகலாம், வராவிட்டால் வேலை இன்னொருவருக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இருட்டுகிற நேரத்தில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லாரியில் கார் வந்தது. வலது பக்கம் ஓட்டுநர் கதவின் ஓரத்திலிருந்து இழுவைக் கதவு முழுக்க உள்ளே போயிருந்தது. கண்டெய்னருக்குள் காரை நகராமல் நிறுத்தி வைக்கும் கட்டைகளில் ஒன்று கழன்று, கடல் ஆடிய ஆட்டத்தில் காரை இடித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். வலது பக்கத்தில் இரண்டு கதவும் திறக்கவில்லை. பிரமிளா போனில் இரண்டு படம் எடுத்தாள். படத்தில் கருநீலக் காரின் மேல் தெருவிளக்கின் பளபளப்புத்தான் விழுந்தது, ஒடுக்கு தெரியவில்லை. இன்சூரன்சுக்கு போன் போட்டதில் சேதத்தை மதிப்பிடச் செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருவார், அதுவரை கார் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். வீட்டு வாசலில் இடமில்லாததால் இடது கதவு வழியாக ஏறி உடையப்பனின் பட்டறைக்குள் காரை விட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், நிழலில் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவனும் தலையாட்டினான். அவன் தலையை நம்பலாம், கையை நம்ப முடியாது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை தீபன் பட்டறைக்கு வந்தான். நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். கதவைத் தொட்டுப் பார்த்தான், இழுத்தும் பார்த்தான்.

"சும்மா ஸ்டியரிங்க புடிச்சிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே. பரவால்ல லா" என்றான். போய்விட்டான்.

அந்த "பரவால்ல" உடையப்பனைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. எனக்கு விடுமுறை இல்லை. காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் டக் டக் என்று சத்தம். கேட்டவன் நான். போய்த் தடுக்காதவனும் நான்தான். கடையில் கூட்டம் என்பது என் சாக்கு. சாயங்காலம் எட்டிப் பார்த்தால் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஒடுக்கு இருந்த சுவடே இல்லை, பெயிண்டும் அடித்தாயிற்று. தீபனை வரவழைத்து உள்ளே உட்கார வைத்தோம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். இரும்புக் கை பாதி தூரம் வந்து, முனகிவிட்டு நின்றுவிட்டது. அதன் அடித்தட்டு வளைந்திருந்தது. அந்தச் சாமான் நியூசிலாந்திலிருந்துதான் வர வேண்டும். இன்சூரன்ஸ் கொடுத்தால்தான் வாங்க முடியும். குடிபெயர்ந்து வந்த செலவில் அவர்கள் கையில் இருந்ததெல்லாம் கரைந்திருந்தது.

திங்கட்கிழமை பிரமிளா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தோம்.

"தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன், அண்ணே" என்றாள். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

உடையப்பன் என் கடையில் வந்து உட்கார்ந்தான். தேத்தண்ணி ஆறி ஆடை படியும் வரை குடிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஒரு யோசனை சொன்னேன். ஒடுக்கை எடுத்தவனுக்கு வைக்கத் தெரியாதா? நாளைக்குள் ஒரு கட்டையால் நாலு போடு போட்டால் பழையபடி ஆகிவிடுமே. நான் ஐந்து வேளை தொழுகிறவன். ஆனாலும் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். "கடல்ல பட்ட அடி வேற நானா, நான் அடிச்சா அது என் அடி. அதக் காட்டி அந்தப் பொண்ணுக்கு வாங்கித் தந்தா அது பொய். நான் செஞ்சத நான் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை சர்வேயர் வந்தாள். ஆஃப்ஷீன் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. நம் ஜமாத்துப் பிள்ளை, கொஞ்சம் இளகுவாள் என்று நினைத்து ஒரு தட்டில் பகோராவும் தேத்தண்ணியும் கொண்டுபோய் நீட்டினேன். வேலை முடியாமல் எதுவும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். உடையப்பனுக்கு அவளிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காரைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். இரும்புக் கையைப் பார்த்தாள். வெளியே அடியே படாத காரில் உள்ளே இருக்கும் தட்டு வளைந்திருந்தால், அது கப்பலேறும் முன்பே வளைந்தது என்றுதான் மேலே உள்ளவர்கள் சொல்வார்கள் என்று நிதானமாக விளக்கினாள். உடையப்பன் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அங்கிள், நான் நம்புறேன். ஆனா கண்ணால பாக்காதத நான் எழுத முடியாது."

உடையப்பன் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டான். இதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அவனுக்குத் தொழில் போட்டி. முதலில் அவன் பெயிண்டின் மேல் நகத்தை அழுத்திக் காட்டினான். தடம் பதிந்தது. கப்பலேறும் முன் அடித்த பெயிண்ட் இத்தனை நாளில் கல்லாகியிருக்கும், இது முந்தாநாள் அடித்தது என்றான். பிறகு ஒரு சுரண்டியை எடுத்துத் தன் பெயிண்டைத் தானே உரிக்க ஆரம்பித்தான். பெயிண்ட் போயிற்று, பள்ளம் நிரப்ப அடியில் பூசிய மாவும் போயிற்று, வெறும் தகரம் வந்தது. நாற்பது வருஷமாக யார் கண்ணிலும் படாமல் மறைத்து வந்ததை அவன் சாக்பீஸால் வட்டம் போட்டு வரிசையாகக் காட்டினான். சூடு வைத்து நிமிர்த்திய நீலத் தழும்பு, சுத்தியல் விழுந்த இடம், மறுபடி விழுந்த இடம். எண்ணிக்கொண்டே போனான். நாற்பத்தொன்று. ஒரு போட்டிக்காரன் சிரித்தான். நான் அவனை முறைத்தேன்.

அடுத்து கதவின் உள்பலகையைக் கழற்றினான். வெளியே வட்டங்கள் போன வரிசையும் உள்ளே தட்டு வளைந்த இடமும் ஒரே உயரம். ஆஃப்ஷீன் அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள், ஒரு விரல்கூட வித்தியாசமில்லை. டார்ச்சை அடித்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கதவின் கீழ்விளிம்பு மடிந்த இடத்தில் ஒரு மரச்சிலும்பு செருகிக் கிடந்தது. கண்டெய்னர் கட்டையில் அடிக்கும் மருந்துச் சாயம் அதில் பச்சையாக ஒட்டியிருந்தது. உடையப்பனே அதைப் பார்த்திருக்கவில்லை. அவன் கண்டிருந்தால் துடைத்துத் தள்ளியிருப்பான், அதுதான் உண்மை. அவள் அதை ஒரு பைக்குள் போட்டுப் பெயர் எழுதினாள். கப்பலேற்றும் முன், ஒடுக்கில்லாத காரைப் பிரமிளா பகலில் எடுத்து வைத்திருந்த படங்களையும் வாங்கிக்கொண்டாள்.

"இந்த நாப்பத்தொண்ணும் உங்க அடின்னு எழுதட்டுமா, அங்கிள்? பேரோட போகும்" என்று கேட்டாள்.

"எழுதும்மா" என்றான் உடையப்பன்.

பதில் வரும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஆறு வாரம் அந்தக் கார் உரித்த கதவும் சாக்பீஸ் வட்டங்களுமாக அவன் பெயர்ப் பலகைக்குக் கீழேயே நின்றது. வருகிறவர்கள் எல்லாம் யார் இப்படிக் கெடுத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். இரண்டு பேர் காரைத் திருப்பிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனதை நான் பார்த்தேன். அவன் கைக்கு வேலை கொடுக்க என் கடைச் சட்டிகளையெல்லாம் மறுபடி தட்டினான்.

ஏழாவது வாரம் ஒப்புதல் வந்தது. சாமான் விமானத்தில் வந்தது. பொருத்தினார்கள். உடையப்பன் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பிரமிளாவிடம் மூன்று முறை அனுமதி கேட்டான். மூன்றாவது தடவை அவள் சிரித்துவிட்டாள்.

தீபன் பீடோருக்கு வேலைக்குப் போகும் முதல் நாள், காலை ஆறரைக்கு அந்தக் கருநீலக் கார் என் கடை வாசலில் வந்து நின்றது. காருக்குள் அவனைத் தவிர யாரும் இல்லை. நான் பழக்கத்தில் ஓடினேன். உடையப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டான். இழுவைக் கதவு திறந்தது. இரும்புக் கை நாற்காலியை வெளியே கொண்டுவந்து ஓட்டுநர் கதவோரம் வைத்தது. தீபன் தன் கைகளால் தன்னை நகர்த்தி அதில் உட்கார்ந்து, உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக்கும் ரொட்டியும் கேட்டான். சாப்பிட்டான், கை கழுவினான், நேரமாச்சு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வந்ததிலிருந்து போகும் வரை அவனை யாரும் தொடவில்லை. நான் அழுதேன், உடையப்பனும் அழுதான்.