‘கெட்’டை வைத்து மொழிபெயர்த்த நாள்

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் ‘கெட்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடும். குருநகரில் எங்களுக்கு ரியூசன் எடுத்த மிஸ் அந்தத் தவணை முழுக்க அதைத்தான் படிப்பித்தார். நித்திரையால் எழும்பவும் கெட், பஸ்ஸில் ஏறவும் கெட், இறங்கவும் கெட். மீன் வாங்கினாலும் கோபம் வந்தாலும் கிழவியானாலும் அதேதான். “உது ஒண்டு கையிலை இருந்தால் லண்டனிலை பாதிச் சீவியம் ஓட்டலாம் பிள்ளையள்” என்பார். மீதிப் பாதியையும் நான் அதிலேயே ஓட்டத் தயாராக இருந்தேன். அவ்வளவு திமிர்.

அந்த வருடம் கோயில் பெருநாளுக்கு லண்டனிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். அப்பம்மா செத்தபோது அவர் வரவில்லை. அன்றிலிருந்து அப்பா அவருடன் கதைப்பதில்லை. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் அவர் திரும்பிப் போகிறார். அதற்குள் ஒரு நேரமாவது எங்கள் வீட்டில் சாப்பிடட்டும் என்று அம்மா அழைத்திருந்தார். இல்லையென்றால் இந்த இரண்டு பேரும் இனிச் சவப்பெட்டிக்குள்தான் முகம் பார்ப்பார்கள் என்று காலையிலிருந்தே அழுகை.

பெரியப்பா முற்றத்துக்கு வந்தபோது அப்பா வலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“உவருக்கு இப்ப தமிழ் மறந்திருக்கும். எப்ப வந்தவராம் எண்டு இங்கிலீசிலை கேள் பிள்ளை.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். “வென் யூ கெட் ஹியர்?”

பெரியப்பாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு அவரும் விடாமல் ஆங்கிலத்திலேயே மறுமொழி சொன்னார். “போன கிழமையாம்” என்று அப்பாவிடம் ஒப்படைத்தேன். இருவருக்கும் இடையில் ஒரு வள்ளத்தின் நீளம்கூட இல்லை.

“கெட் சிட்” என்றேன்; இருந்தார். “கெட் டீ?” என்றேன், தலையாட்டினார். அம்மா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்பாவின் கை நின்றது. “அம்மா செத்த நேரம் ஏன் வரேல்லை எண்டு கேள்.” தமிழில் அவருக்கே அது கஷ்டமான கேள்வி. எனக்கோ ஒரு கஷ்டமும் இல்லை.

“அப்பம்மா கெட் டை. வை யூ நோ கெட் ஹியர்?”

ஐயோ, அந்த மனுசனின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு விளங்கட்டும் என்றோ என்னவோ, என் சொல்லிலேயே சொன்னார். “தட் டைம் ஐ டிடின்ட் கெட் விசா. இஃப் ஐ கெட் அவுட், ஐ கான்ட் கெட் பேக்.”

“விசா கிடைக்கேல்லையாம் அப்பா. வெளிக்கிட்டிருந்தால் திரும்பிப் போகேலாதாம்.”

“உதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை எண்டு கேள்.”

நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா தமிழில் வெடித்தார். “எப்பிடியடா சொல்லுறது? நீ தனிய நிண்டு அம்மாவை அடக்கம் செய்யிறாய். உன்னட்டை நான் விசாக் கதை கதைக்கிறதோ?”

அப்பா வலையை உதறிவிட்டு எழும்பினார். “வா அண்ணை, சாப்பிடுவம்.” இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமா! “பெரியப்பாவுக்குத் தமிழ் வடிவாத் தெரியும் அம்மா! இவ்வளவு நேரமும் எங்களைப் பேய்க்காட்டினவர்!” உத்தியோகம் பறிபோன ஆத்திரம். சாப்பிட இருந்தபோதும் உம்மென்றுதான் இருந்தேன்.

அப்பா அதைக் கண்டுவிட்டார். தோள் முட்ட இருந்த அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பெரியப்பாவுக்கு இன்னும் மீன் வேணுமோ எண்டு இங்கிலீசிலை கேள் பிள்ளை.”

“கெட் ஃபிஷ்?”

“யெஸ் மேடம்!” பெரியப்பா சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார்.

பின்னேரம் அவர் வெளிக்கிடும்வரை அப்படியே நடந்தது. என் உத்தியோகத்தைத் திருப்பித் தந்த அந்த இரண்டு பேருக்கும் எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஓட்டோ மூலையில் திரும்பி மறையும்வரை ஒரே கவலைதான். இனிப் போனில், நான் நடுவில் இல்லாமல், இவர்கள் எப்படிக் கதைக்கப்போகிறார்கள்?