பூசாத சுவர்

பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் புதுச் செருப்பு முழுக்கச் செம்மண். மரக்காணம் உப்பளத்தின் வெள்ளைத் தரையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த நிறமே புதுசு. மூச்சில்கூட மண் வாசனை...

கல்யாணமாகி இரண்டாவது மாதம். வீட்டுக்காரர் அப்போது ஆரோவில்லில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடித்துக் கொடுக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாம்மா, ஆரோவில் சுத்திப் பாத்துட்டு வரலாம். எல்லாம் ஃப்ரீதான்" என்றார். சினிமாவுக்கே கூட்டிப்போகாத மனுஷன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

முதலில் தங்க உருண்டை மாதிரி இருக்கும் அந்தத் தியான மண்டபம். பாஸ் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்தோம். அழகுதான். ஆனால் அவருக்கு அதில் கவனமே இல்லை. "போலாமா, போலாமா" என்று அவசரப்படுத்தினார்.

பிறகு வெயிலில் அரை மணி நேரம் நடை. தொப்பி கவிழ்த்த மாதிரி கூரை, வட்ட ஜன்னல், மூலையே இல்லாத வீடு... ஒவ்வொன்றையும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். கடைசியில் ஒரு வளைந்த சுவருக்கு முன்னால் நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

சாம்பல் நிறத்தில், கோடு கோடாக, மொட்டையாக நின்றது அந்தச் சுவர்.

எங்கள் பக்கம் பூசாத சுவர் என்றால் பாதியில் கைக்காசு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உப்புக்காற்றில் அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துவிடும். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஐயோ பாவம்ங்க... பூசறதுக்குள்ள காசு இல்லாம போயிடுச்சா அவங்களுக்கு?"

அவர் முகம் சுண்டிப்போனது.

"பூசவே மாட்டாங்க. அதான் ஃபினிஷிங்கு. அந்தக் கோடெல்லாம் நான் அடிச்ச பலகை. பதினஞ்சு நாள் பாத்துப் பாத்து அடிச்சேன்."

அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் எனக்குக் காட்ட வந்தது அந்த ஒரு சுவரைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கப் புதுப்பெண்ணுக்கு வாய் வரவில்லை. அப்புறம் குழந்தைகள், வேலை, வருஷங்கள்...

இப்போது போனை எடுத்தால் அதே மாதிரிச் சுவர்களுக்கு முன்னால் நின்று ஊரே போட்டோ போடுகிறது. பலகையின் ரேகைகூட கான்கிரீட்டில் பதிந்திருக்கிறது. எவ்வளவு அழகு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. போன மாதம் நானே கேட்டேன், "ஏங்க, அந்தச் செவத்தப் பாத்துட்டு வரலாமா?" உடனே எழுந்து சட்டையை மாட்டினார்.

போனால், வேலிக்குள் மூங்கிலும் கொடியும் அடர்ந்து கிடக்கின்றன. சுவர் துளிகூடத் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். எதைப் பார்த்துச் சொல்வது? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

அவர் மூங்கில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே கொஞ்சம் கிட்ட போய் பாத்திருக்கலாம்மா நீ" என்றார்.