அருவி இரைச்சலுக்குள் அப்பா

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிக் கடைக்காரத் தம்பி பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினான். ஒரு பதிவை மட்டும் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அது வெறும் இரைச்சல்லா, அண்ணாச்சி!"

"முழுசாக் கேட்டியாலே?"

"கொஞ்சம் கேட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது குற்றால அருவியின் சத்தம். என் சிறுவயதில் அப்பா அங்கே குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். கல்லெல்லாம் நல்லெண்ணெய் மணக்கும். அவர் ஆள் கூப்பிடுவதை ஒருநாள் மாமா டேப்பில் பிடித்தார்; அதைத்தான் பின்னாளில் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை.

பழையதிலேயே போடச் சொல்லி, அவனை முழுவதும் கேட்கவைத்தேன். அருவி இரைந்தது. பிறகு அப்பா: "மொதலாளி, எண்ண தேய்க்காமக் குளிக்கப் போறியளே, சளி தடுமம் பிடிச்சுராதா?"

தம்பி அதையும் புதியதற்கு மாற்றித் தந்தான். நான் கேட்டிராவிட்டால், அந்தப் பெட்டியோடு அப்பாவும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருப்பார்.

இலஞ்சி, ஆடி முதல் வெள்ளி.